மெட்டமைத்தவர் பெயர் மட்டும் போதுமா?

பாடல் ஒன்றை வெளியிடும்போது ‘இசை’ என்பதற்கு எதிரே ஒரே ஒரு பெயரை எழுதும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தருமபுரிப் பக்கத்தில் நாதசுரக் கலைஞர்களோடும், பம்பை என்னும் இரட்டைத் தோல்கருவியை வாசிப்பவர்களோடும் சேர்ந்து பாடல் செய்துவருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மெட்டை முதலில் முணுமுணுத்தவர் ஒருவராக இருக்கலாம்; ஊர் கேட்கும் பாட்டு பெரும்பாலும் அவர் முணுமுணுத்த வடிவில் இருப்பதில்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்காக நான் எழுதிய பாடலையே எடுத்துக்கொள்கிறேன். ஆர்மோனியத்தில் ஒன்றாம் கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் சுருதி உயரும்), நான்கு நான்காக எண்ணும் நடையில் அதை அமைத்திருந்தேன். நாதசுரக் கலைஞரின் வாத்தியமோ இரண்டரைக் கட்டை. துளையிட்ட மரக்குழலின் சுருதியை விருப்பம்போல இறக்க முடியாது. வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கொண்டும் உதட்டைக் கொண்டும் சிறிதளவே சரிசெய்யலாம். ஆகவே பாட்டுதான் மேலே ஏற வேண்டியிருந்தது. ஏறியதும், சரணத்தில் மேல் பஞ்சமத்தைத் தொடும் வரி என் குரலுக்கு எட்டாமல் போயிற்று. அவ்வரியைத் தாம் வாசித்துக்கொள்வதாகவும், நான் அதற்குக் கீழே உள்ள மேல் சட்சத்தில் நின்றால் போதும் என்றும் அவர் சொன்னார். அந்த வரியின் சொற்கள் முழுவதும் உதிர்ந்தன. (நான் மிகவும் விரும்பி எழுதிய வரி அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) இன்று கேட்பவர்கள் விசாரிப்பதெல்லாம் சொல்லில்லாத அந்த இடத்தைப் பற்றித்தான்.

பம்பைக் கலைஞர் செய்தது இதைவிடப் பெரிது. அவர் விவாதிக்கவே இல்லை. மரப் பம்பையும் வெண்கலப் பம்பையும் மாறி மாறிப் பேச, ‘தகிட தகிட’ என்று மூன்றன் நடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். கரகத்தோடு நடப்பவர்களின் கால் பழகிய நடை அது. அதற்கேற்பப் பல்லவி தொடங்கும் இடமான எடுப்பு, தாளத்தின் முதல் அடியான சமத்திலிருந்து தள்ளிப்போயிற்று. இரண்டு சொற்களை நீக்கி, ஒரு சொல்லை நீட்டிப் பாட வேண்டியதாயிற்று. இவ்வளவும் ஆன பிறகு அந்த இசையை என்னுடையது என்று மட்டும் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எல்லோர் யோசனையையும் ஏற்க வேண்டும் என்பது என் வாதமன்று. கீபோர்டு வாசித்த தம்பி, குரல் ஓயும் இடமெல்லாம் எதையாவது வாசித்து நிரப்ப விரும்பினார், நான் மறுத்தேன். மறுக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருந்தாக வேண்டும். மெட்டமைத்தவரின் முதன்மையான வேலையே அதுதான் என்று சில சமயம் எனக்குத் தோன்றுகிறது.

இது நாட்டார் இசைக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றியபோது, அவற்றுக்கு இசை வகுத்தவர்கள் அவருடைய மாணாக்கர்களான சட்டநாதபுரம் வெங்கடராமையரும் கோதண்டராமையரும் ஆவர். பின்வந்த பாடகர்கள் அவற்றுள் சிலவற்றை வேறு இராகங்களிலும் பாடி நிலைபெறச் செய்தார்கள். ஆனாலும் அக்கீர்த்தனைகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் கவிராயர் ஒருவர்தான்.

சட்டம்கூட இந்த விஷயத்தில் நம் வழக்கத்தைவிடத் தாராளமாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்தறிய முடியாத கூட்டுப் படைப்பை ஏற்கிறது. சுரக்குறிப்பாக எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் இசையை இயற்றியவர் இயற்றியவரே என்கிறது 1994-ஆம் ஆண்டுத் திருத்தம். வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துகலைஞருக்கும் உரிமத்தொகை உண்டு என்பது 2012-இல் சேர்க்கப்பட்டது. ஆகவே, ‘அவருக்கு நொட்டேஷன் தெரியாது, அவர் வாசிக்க வந்தவர்தானே’ என்று சொல்லிப் பம்பைக் கலைஞருக்கு அன்றைய கூலியோடு கணக்கை முடிப்பவர்கள், தங்களுக்குச் சாதகமான ஒரு பழக்கத்தைத்தான் விதியென்று சொல்கிறார்கள்.

எங்கள் ஒலிப்பதிவில் இசை என்ற இடத்தில் மூன்று பெயர்களைப் போட்டிருக்கிறோம். “பேரு எதுக்குங்க, அடுத்த பண்டிகைக்கும் கூப்பிடுங்க, போதும்” என்று பம்பைக் கலைஞர் சொன்னார், அழைக்கவும் போகிறோம். இதற்கிடையில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்று இப்பாடலைத் தங்களுக்குத் தரும்படி கேட்டிருக்கிறது. அங்கே முகவீணை என்னும் சிறிய ஊதுகருவியும் பின்பாட்டும் உண்டு, பம்பை கிடையாது. சொற்களை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஒலிப்பதிவைக் கேட்காமலே ஒருமுறை பாடிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.