படித்துவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக்கடை மாடியில் கவிதை ஓபன் மைக். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துத் தன் கவிதையைப் படிக்கலாம். மாலை 5 மணி என்று போட்டிருந்தார்கள், ஆரம்பிக்கும்போது 5:50. படிப்பதற்கு 22 பேர் பெயர் கொடுத்திருந்தோம். முதல் ஆள் மைக்கைப் பிடித்தபோது நாற்காலி போதாமல் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். 19ஆவது பெயரைக் கூப்பிட்டபோது எண்ணிப் பார்த்தேன். 11 பேர். அதில் 2 பேர் கடையில் வேலை செய்யும் பையன்கள்.

மீதிப் பேர் எங்கே? படித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தன் முறை முடிந்ததும் நண்பன் கையில் கொடுத்திருந்த போனை வாங்குகிறார்கள். வீடியோ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே படி இறங்குகிறார்கள். கூட வந்த நாலு பேரும் பின்னாலேயே கிளம்புகிறார்கள். அடுத்த ஆள் அப்போதுதான் முதல் வரியைச் சொல்லிக்கொண்டிருப்பார். நாற்காலி இழுபடுகிற சத்தத்தில் அந்த வரி போயே போய்விடும். இது ஒரு நாள் கூத்தாக இருந்தால் விட்டுவிடலாம். மூன்று வருடமாக நான் போகிற ஒவ்வொரு இடத்திலும் இதுதான் நடக்கிறது. வயிறு எரிகிறது.

அந்த 19ஆவது ஆள் சோமனூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா. வயது 50க்கு மேல் இருக்கும். தறி நாடாவுக்கு நூலைச் சுற்றித் தருகிற வேலை, தார் சுற்றுவது என்போம். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 5:50க்கு ஆரம்பித்த கூட்டத்தில் அவர் முறை வந்தபோது மணி 8 தாண்டிவிட்டது. ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும், கொஞ்சம் முன்னால் விடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டார். லிஸ்ட் மாற்ற முடியாது என்றார்கள். ஆனால் இன்ஸ்டாகிராமில் நிறைய ஃபாலோயர்கள் இருக்கிற இரண்டு பேருக்காக அதே லிஸ்ட்டை என் கண் முன்னால் மாற்றினார்கள்.

அக்கா எழுதியிருந்தது தன் வீட்டுக்காரரைப் பற்றி. 30 வருடம் தறி ஓட்டியவர், காது போய்விட்டது. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனுக்குள் ஒரு தடவையாவது போனவர்களுக்குத் தெரியும். ஊடுநூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் சத்தமாகவே பேசுவார்கள், பழகிவிடும். அக்காவும் அப்படித்தான் படித்தார், தறிக்கு மேலே கேட்க வேண்டும் என்கிற மாதிரி உரக்க. மைக் வேண்டியதே இல்லை.

"ஏனுங், சோறு போடட்டுங்ளா" என்று மூன்று தடவை கேட்டேன், மூன்றாவது தடவை கையை வாயில் வைத்துக் காட்டினேன் என்று ஒரு இடம் வரும். அந்த "ஏனுங்" என்ற சொல்லுக்கு முன்வரிசையில் இருந்த மூன்று பேர் சிரித்தார்கள். அடக்கிய சிரிப்புகூட இல்லை, வாய்விட்டே சிரித்தார்கள். ஒருத்தர் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த வரியைக் குரலை இறக்கிப் படித்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே மிக்சி ஓடியது, யாருக்கோ மில்க் ஷேக். ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். நேரம் முடியப்போகிறது என்று நாலாவது நிமிடம் மஞ்சள் லைட் அடித்தார்கள். ஐந்தாவது நிமிடம் "ஆண்ட்டி, டைம்" என்றார் மைக் வைத்திருந்தவர். நாலு வரி பாக்கி இருந்தது. தாளை இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "சரிங் சாமி" என்று சொல்லி இறங்கினார்.

அந்த மூன்று பேரும் வெளியூர்க்காரர்கள் இல்லை. ஒருத்தருக்குச் சொந்த ஊர் அவிநாசி, எனக்குத் தெரியும். வீட்டில் அவருடைய அம்மாவும் "ஏனுங்" என்றுதான் கூப்பிடுவார். நம் கொங்குப் பேச்சு என்றால் குசும்பு, லொள்ளு, சிரிப்பு என்று சினிமா பார்த்துப் பார்த்து நமக்கே ஏறிவிட்டது. துக்கத்தைச் சொன்னாலும் சிரிக்கிறோம். 1942இல் வெளியான 'நாகம்மாள்' நாவலில் ஆர்.சண்முகசுந்தரம் இதே பேச்சைத்தான் வைத்தார். நிலத்தில் பங்கு கேட்கிற ஒரு விதவையின் கோபத்தையும் ஒரு குடும்பம் அழிகிற கதையையும் அந்தப் பேச்சு தாங்கியது. அதற்கு இத்தனை வருடம் கழித்து, இந்த மண்ணிலேயே, ஒரு தறிக்காரர் மனைவி அழுவதைக் காமெடி என்று நினைத்துக் கேட்கிறார்கள் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். படிக்கிறவருக்கு 250 ரூபாய், கேட்க வருகிறவருக்கு 150. கூகுள் பாரம், க்யூஆர் கோடு, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட். இது போகக் கடையில் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும். மாடி வாடகை, மைக் செட் எல்லாம் செலவுதான், புரிகிறது. ஆனால் எழுதுகிறவனிடமே காசு வாங்கி, அவனைப் படிக்க வைத்து, அவனோடு வந்தவர்களிடமும் வாங்கி நடத்துகிற கூட்டத்தில் கேட்கிறவர்களைக் கொண்டுவர யாருக்கு அக்கறை இருக்கும்? 22 பேர் பெயர் கொடுத்ததுமே வசூல் முடிந்தது. அதற்கப்புறம் அவர்கள் யாருக்குப் படித்தால் என்ன? அக்கா கட்டியது தார் சுற்றிய காசு. அதற்குக் கவிதையை முழுசாகக்கூடப் படிக்க விடவில்லை.

இதே கோவையில் 1971இல் வானம்பாடி என்ற புதுக்கவிதைக் குழுவினர் அதே பெயரில் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு விலையே வைக்கவில்லை. 'விலையிலாக் கவிமடல்' என்று போட்டுத்தான் கொடுத்தார்கள். புவியரசு, ஞானி, சிற்பி எல்லாரும் பெரிய பணக்காரர்களா என்ன? பெரும்பாலும் வாத்தியார்கள். அவர்கள் எழுதியதில் எனக்குப் பிடிக்காததும் நிறைய உண்டு, சத்தம் கூடுதல் என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் படிக்கிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

கவியரங்கம் பழசு, போர் என்கிறார்கள். தலைவரைப் புகழ்ந்தே பாதி நேரம் போகும், அதை நானும் சகித்ததில்லை. ஆனால் அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. படிக்கிற கவிஞர்கள் எல்லாரும் மேடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். தன் முறை முடிந்துவிட்டது என்று எழுந்து போக முடியாது. வரியை இரண்டு தடவை சொல்வார்கள். முதல் தடவை காதுக்கு, இரண்டாவது தடவை மனசுக்கு. நல்ல வரியென்றால் கூட்டமே இன்னொரு தடவை கேட்கும். ஐந்து நிமிடம், மஞ்சள் லைட் என்று வைத்துக்கொண்டால் எந்த வரியை இரண்டாவது தடவை சொல்வது?

கேட்கிற பழக்கம் நம் ஊருக்குப் புதுசும் இல்லை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அண்ணமார் கதையை உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடிய ஊர்கள் இவை. மானிடவியல் ஆய்வுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் அந்தக் கதையை டேப்பில் பதிவு செய்தார். பல இரவுகள் ஓடிய கதை அது. பகலெல்லாம் காடு தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த சனம் கேட்ட கதை. நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டரை மணி நேரம் உட்கார முடியவில்லை.

புதிதாக எழுதுகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்குப் படித்ததில் இரண்டு பேர் நிஜமாகவே நன்றாக எழுதியிருந்தார்கள். ஒரு பெண் நொய்யல் ஆற்றைப் பற்றிப் படித்தாள், திருப்பூர்ச் சாயம் பாட்டியின் சேலைக் கரையில் ஏறுகிற மாதிரி ஓர் இடம் வந்தது, உடம்பு சிலிர்த்துவிட்டது. அவளும் படித்து முடித்த மூன்றாவது நிமிடம் கிளம்பிவிட்டாள் என்பதுதான் தாங்கவில்லை. கண்ணு, நீ இருந்திருந்தால் அந்த அக்காவைக் கேட்டிருப்பாய். உன் பாட்டியைத்தான் அவரும் வேறு ஊரிலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. கடைசி ஆள் படிக்கும் வரை இருப்பதாக ஒத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும் பெயர் கொடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களை முதலில் விடுங்கள். அந்த இரண்டரை மணி நேரம் மிக்சியை நிறுத்தச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அக்காவோடு நடந்தேன். "இனி நான் வர்ல கண்ணு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மடித்த தாளை வாங்கிக் கடை வெளிச்சத்தில் நின்று படித்தேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். அந்த மாடியில் யார் காதிலும் விழாமல் போன நாலு வரி இதுதான்:

கடைசியா ஒருக்கா கூப்புட்டேனுங்
காதுல உழுந்துச்சோ என்னுமோ
கை மட்டும்
நாடாவத் தேடுற மாதிரி அசைஞ்சுது