ரோட்டரி எஞ்சின் மஸ்டாவின் கண்டுபிடிப்பா?

"ரோட்டரி எஞ்சினைக் கண்டுபிடித்ததே ஜப்பானின் மஸ்டாதான். அதில் ஆயில் குறைந்தால் எஞ்சின் போச்சு என்று அர்த்தம்." வாட்ஸப்பில் சுற்றும் இந்தத் தகவலில் இரண்டுமே தவறு.

மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் ஒன்று உள்ளே சுழலும் அந்த எஞ்சின், ஜெர்மனிக்காரர் ஃபெலிக்ஸ் வாங்கெலுடையது. என்எஸ்யு என்ற ஜெர்மன் வாகன நிறுவனத்தில் 1957-இல் முதல் மாதிரி ஓடியது. 1964-இல் காரிலும் வந்துவிட்டது. 1920-இல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யும் கம்பெனியாகத் தொடங்கிய மஸ்டா, 1961-இல் உரிமம் வாங்கியது. ஆனால் வாங்கிய எஞ்சின் அப்படியே ஒழுங்காக ஓடிவிடவில்லை. முக்கோண ரோட்டரின் முனையில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் எஞ்சினின் உள்சுவரை வரிவரியாகக் கீறின. 'பேயின் நகக்கீறல்' என்றே பெயர் வைத்தார்கள். மஸ்டா பொறியாளர் கென்இச்சி யமமோட்டோவின் குழு அதைச் சரிசெய்த பிறகுதான் 1967-இல் மஸ்டாவின் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. பெருமை மஸ்டாவுக்கு உண்டு, கண்டுபிடித்ததற்காக அல்ல.

சரி, ஆயில்? அந்த சீல்கள் தேயாமலிருக்க எஞ்சினே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. ஆயில் அளவு காட்டும் கம்பியை அடிக்கடி உருவிப் பார்த்து ஊற்றவேண்டியதுதான். அதற்காகக் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. மஸ்டாவின் ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8 வைத்திருந்தவர்களில் பலர் அது சுழலும் சுகத்தைக் கொண்டாடினார்கள். வேறு பலர் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினுக்குள் உண்டாகும் அழுத்தம், இறங்கி எஞ்சினையே மாற்றினார்கள். அமெரிக்காவில் 2004–2008 மாடல்களுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை மஸ்டாவே 8 ஆண்டு அல்லது 1,00,000 மைலாக நீட்டியது.