ஸ்வாப்ல கொஞ்சம் யூஸ் ஆயிருந்தா ராம் பத்தலைன்னு அர்த்தமா?

ஸ்வாப்னா ராம்ல (கம்ப்யூட்டரோட வேலை மெமரி) இருக்குறத நகத்தி வைக்க டிஸ்க்ல ஒதுக்குற இடம்; ஃப்ரீ (free) னா மெமரி கணக்கு காட்டுற கமாண்ட். "லினக்ஸ்ல ஃப்ரீ கமாண்ட் போட்டுப் பாருங்க, ஸ்வாப் யூஸ்டு ஜீரோ இல்லன்னா ராம் பத்தல, உடனே ஸ்வாப்ப ஆஃப் பண்ணுங்க"ன்னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. இது தப்பு, தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணாதீங்க.

அந்த நம்பர் இப்போ ஸ்வாப்ல எவ்ளோ இடம் பிடிச்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லும், எப்போ போச்சுன்னு சொல்லாது. எப்பவோ ஒரு தடவ மெமரி டைட் ஆனப்போ, யாரும் தொடாத பேஜை (மெமரியோட சின்னச் சின்ன துண்டு) எல்லாம் கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) ஸ்வாப்புக்கு வெளிய தள்ளியிருக்கும், அப்புறம் ராம் காலியானாலும் அந்தப் பேஜுக்குச் சொந்தமான ப்ராசஸ் (ஓடிட்டு இருக்குற புரோகிராம்) திரும்பக் கேக்குற வரைக்கும் அது அங்கயேதான் கிடக்கும், அதனால ஒரு நஷ்டமும் இல்ல.

பாக்க வேண்டியது போக்குவரத்த. விஎம்ஸ்டாட் 1 (vmstat 1) னு கமாண்ட் போட்டா செகண்டுக்கு ஒரு வரி வரும், அதுல எஸ்ஐ (si) ஸ்வாப்ல இருந்து ராமுக்கு உள்ள வர்றது, எஸ்ஓ (so) ராம்ல இருந்து ஸ்வாப்புக்கு வெளிய போறது. முதல் வரிய விட்டுடுங்க, அது பூட் ஆனதுல இருந்து எடுத்த சராசரி, நிறைய பேர் அதப் பாத்துதான் பயப்படுறாங்க. ரெண்டும் விடாம பெருசா ஓடிட்டே இருந்தா நிஜமாவே பிரச்சனை, ஜீரோலயே நின்னா நிம்மதியா விடுங்க. எந்த ப்ராசஸ் ஸ்வாப்ல எவ்ளோ வெச்சிருக்குன்னு தெரியணும்னா ப்ராக்ல (/proc ஃபோல்டர்) அதோட ஸ்டேட்டஸ் (status) ஃபைல்ல விஎம்ஸ்வாப் (VmSwap) வரியப் பாருங்க.

ராம் நிஜமாவே டைட்டா இருக்கும்போது ஸ்வாப்ப ஆஃப் பண்ணா, ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்துட்டா ப்ராசஸ நிறுத்துற கெர்னலோட ஏற்பாடு) வந்து ஓடிட்டு இருக்குற ப்ராசஸ கொன்னுடலாம்.