மனநல ஆலோசனைக்குப் போனால் விவாகரத்தா? பரவும் தகவல் தவறு

“கணவர் கையெழுத்து இல்லாமல் பெண்கள் மனநல மருத்துவரைப் பார்க்க முடியாது, பார்த்தால் அந்த மருந்துச் சீட்டைக் காட்டியே கணவர் விவாகரத்து வாங்கிவிடலாம்.” குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவலின் இரண்டு பாதியுமே தவறு.

18 வயது நிறைந்த பெண் ஆலோசனை பெற கணவரின் அனுமதி தேவையில்லை. பேசியதை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

சரி, விவாகரத்து? இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனநோய் ஒரு காரணமாக இருப்பது உண்மைதான். ஆனால் சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது தீவிரம் என்று நிரூபிக்க வேண்டும். நோயின் பெயரை மட்டும் காட்டினால் போதாது என்று 1988-இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் பெண் வாங்கிய மாத்திரைச் சீட்டு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. அவளைத்தான் இந்த வதந்தி வீட்டிலேயே முடக்குகிறது. அதனால்தான் கோபம் வருகிறது.

யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மருத்துவ உளவியலாளர் (clinical psychologist) என்றால், அவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அப்புறம், பிரசவகால மனச்சோர்வு, குடும்ப வன்முறை போன்றவற்றில் அனுபவம் உண்டா என்று முதல் அழைப்பிலேயே தயங்காமல் கேட்கலாம்.