கடல் தண்ணீர் ஊற்றினால் மறுநாளே மீன் விடலாமா?

"நாகப்பட்டினம் கடற்கரையில் நாலு கேன் தண்ணீர் பிடித்து வந்து கடல்மீன் வளர்க்கும் தொட்டியில் ஊற்றுங்கள். அதிலேயே நல்ல பாக்டீரியா இருக்கிறது, மறுநாளே கோமாளி மீன் விடலாம்" என்று தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள்.

மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கல்லிலும் மணலிலும் ஃபில்டரிலும் ஒட்டி வாழ்பவை. தண்ணீரோடு வருவது சொற்பம். அவை போதுமான அளவு பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். கடல்நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8-க்கு மேல்; அதில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை. நான் அவசரப்பட்டு விட்ட இரண்டு மீன்கள் மூன்றாம் நாள் செவுள் படபடக்க, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோர நீரில் உப்பும் குறைந்துவிடும்.

தொட்டி நீரின் ஒப்படர்த்தியை (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025-இல் வைத்து, ஒரு துண்டு பச்சை இறாலைப் போட்டு, அது அழுகக் காத்திருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட். சோதித்துப் பார்க்கையில் இரண்டும் 0 காட்டி, நைட்ரேட் தெரிந்த பிறகு, கொஞ்சம் தண்ணீரை மாற்றிவிட்டு ஒரே ஒரு மீனை விடுங்கள்.