மாநாடு கடற்கரையில் நடக்கட்டும், எங்கள் பிள்ளைகளும் அங்கே தங்கட்டும்

கணினி விஞ்ஞான ஆய்வு மாநாட்டைக் கடற்கரை ரிசோட்டில் வைக்கப் போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்ததும் வராததுமாகத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். "ஆராய்ச்சிக்கும் நீச்சல் தடாகத்துக்கும் என்ன சம்பந்தம்?", "ஏன், கம்பஸ் மண்டபம் இடிஞ்சே போச்சு?" என்று ஆளாளுக்குக் கேள்வி. கோபம் எனக்கு விளங்குகிறது. வன்னியில் இருந்துகொண்டு ரிசோட் என்ற பெயரைக் கேட்டால் முதலில் காசுதான் கண்ணுக்குள் வரும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் ரிசோட்டின் பக்கம்தான் நிற்பேன். என் சண்டை வேறு.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். வேறு பல துறைகளில் ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் மதிப்பு. கணினித் துறையில் மாநாட்டுக் கட்டுரைக்கே பெரிய இடம் உண்டு. கட்டுரையை அனுப்ப வேண்டும், முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் அதைப் பிரித்து மேய்வார்கள், அவர்கள் சம்மதித்தால் உள்ளே. பிறகு எழுதியவர்களில் ஒருவராவது பதிவுக் கட்டணம் கட்டி, நேரில் நின்று சமர்ப்பிக்க வேண்டும். ஆள் வராவிட்டால் கட்டுரையைத் தொகுப்பிலிருந்தே தூக்கிவிடும் மாநாடுகளும் இருக்கின்றன. இறுதி வருஷப் பிள்ளை ஒன்றுக்கு இப்படி ஒரு கட்டுரை இருந்தால் வேலைக்கும் வெளிநாட்டு மேற்படிப்புக்கும் கதவு திறக்கும்.

ஆனால் கட்டுரை வாசிப்பது மாநாட்டில் பாதிதான். ஜேர்மனியில் சார்லாந்து மாநிலத்தின் ஒரு சின்னக் கிராமத்துக்குப் பக்கத்தில் டாக்ஸ்டூல் என்று ஓர் இடம் இருக்கிறது. 1990 முதல் உலகத்துக் கணினி ஆய்வாளர்கள் அங்கே போய், பெரும்பாலும் ஒரு வாரம், சேர்ந்து தங்கியிருந்து கதைக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் யார் எங்கே இருப்பது என்பதையே பெயர் அட்டை வைத்துக் கலைத்துப் போடுகிறார்கள். பெரிய பேராசிரியரும் புதிதாக ஆய்வு தொடங்கிய பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. சோறு போடும் நேரத்தையும் ஆய்வு நேரமாகவே கணக்கெடுக்கிறார்கள்.

எங்கள் மண்டபங்களில் என்ன நடக்கும்? பின்னேரம் மூன்றரை ஆனால் பாதிப் பேர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருவருக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும், இன்னொருவருக்குக் கொழும்பு ரயில். நன்றியுரை வாசிக்கும்போதே கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் படித்த வவுனியா பம்பைமடுக் கம்பஸிலும் பார்த்திருக்கிறேன், கிளிநொச்சி அறிவியல் நகர்க் கம்பஸிலும் பார்த்திருக்கிறேன். யாரையும் குறை சொல்ல வரவில்லை, வீடு வாசல் இருக்கிற சனம். ஆளை வீட்டுக்கு ஓட விடாத இடம் ஒன்று வேண்டும் என்பதால்தான் கடற்கரை என்கிறேன்.

என் சண்டை எதோடு என்றால், அங்கே இரவு தங்குவது யார் என்பதோடு.

திருகோணமலை நிலாவெளிக் கடற்கரையில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அங்கே தன் ஆய்வைப் போஸ்டராக வைத்திருந்தாள். கண்டாவளை, முரசுமோட்டை, தருமபுரம் என்று வயல் செய்கிற ஆட்கள் கதைப்பதைப் பதிவுசெய்து, அந்தப் பேச்சைக் கணினி எழுத்தாக்க எவ்வளவு தடுமாறுகிறது என்று காட்டும் வேலை. அநேகமான பதிவுகளில் பின்னால் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் சத்தம். கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியை போஸ்டருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "சத்தத்தோட இருக்கிற பதிவுகளை வேறையா வைச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டார். வைத்திருந்தாள், வீட்டு முற்றம், தேத்தண்ணிக்கடை, வயல் என்று இடம் வாரியாக. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லப்டொப்பைக் கொண்டு வாங்கோ, ஆறுதலா இருந்து பாப்பம்" என்றார். "ஓம் மடம்" என்றாள். அவளுடைய பை ஏற்கெனவே கட்டப்பட்டு போஸ்டர் பலகைக்குக் கீழே இருந்தது. அங்கே ஓர் இரவுக்கு அறைக்காசு, மாணவர் பதிவுக் கட்டணத்தை விடக் கூட. நாலு மணிக்கு ஓட்டோ பிடித்துத் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள். இரவு அந்தப் பேராசிரியை என்னிடம் வந்து பிள்ளை எங்கே என்று கேட்டார். ஹொரவப்பொத்தானை தாண்டியிருப்பாள் என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

காசு மட்டும் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். வன்னியில் ஒரு தாய்க்கு "அம்மா, ரிசோட்டில இரண்டு இரவு நிக்கவேணும்" என்று பொம்பிளைப் பிள்ளை சொன்னால் என்ன மறுமொழி வரும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் தாயைப் பிற்போக்கு என்று சொல்ல நான் தயாரில்லை. இன்று கம்பஸில் இருக்கிற பிள்ளைகளில் பலர் 2009 யுத்தத்தில் தூக்கிக்கொண்டு ஓடப்பட்ட குழந்தைகள். அப்படிக் காப்பாற்றிய பிள்ளையைத் தெரியாத இடத்துக்கு விட மனம் பதறத்தான் செய்யும். துறைத் தலைவர் கையெழுத்தோடு வீட்டுக்கு ஒரு கடிதம் போகட்டும்: யார் கூட வருகிறார்கள், பெண்பிள்ளைகள் எந்த அறைகளில், எந்த விரிவுரையாளர் பக்கத்து அறையில், எத்தனை மணிக்குத் திரும்புவது. கடிதம் கண்டால் அநேகமான வீடுகள் சம்மதிக்கும். ஒரு பக்கக் கடிதம்தானே, ஏன் எழுதுகிறார்கள் இல்லை?

"இணையத்திலயே வைக்கலாமே" என்பார்கள். வைத்தார்கள். தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளின் கணினித் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு சர்வதேச ஆய்வரங்கு இருக்கிறது. முதலாவது 2021இல், உக்ரைனின் கீவ் நகரில் நடக்கவிருந்த மாநாட்டோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டு, கொவிட்டால் இணையத்தில் நடந்தது. அது எங்கள் பிள்ளைகளும் டேட்டா போட்டுக் கேட்கக்கூடிய தூரம். ஆனால் திரை அணைந்ததும் எல்லாம் முடிந்துவிடும், "இருந்து பாப்பம்" என்று சொல்ல ஆள் இல்லை. 2023இல் அதே அரங்கு பல்கேரியாவில் கருங்கடல் ஓரத்து வர்ணாவில், 2024இல் மால்டாவின் கடற்கரை ஊரான சென் ஜூலியன்ஸில். அந்த இரண்டு முறையும் தமிழுக்கான வேலை கடலோரத்தில்தான் நடந்திருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாத கடலோரத்தில். இந்தத் துறையில் புழங்கும் தமிழ்த் தரவுகளில் ஒன்று யூடியூப் சினிமா முன்னோட்டங்களுக்குக் கீழே சனம் எழுதிய கருத்துகள். அதுவும் தேவைதான். ஆனால் வயல்வரம்பில் நின்று கதைக்கும் கமக்காரனின் பேச்சை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அதை வைத்திருந்தவள் அன்று நாலு மணிக்கே பஸ் ஏறிவிட்டாள்.

மாநாடு நடத்துகிறவர்களுக்கு: மாணவர் கட்டணம் என்று ஒரு தொகை போட்டால் படுக்கையும் சாப்பாடும் அதற்குள்ளேயே இருக்கட்டும். நாலு பேருக்கு ஓர் அறை போதும், எங்கள் பிள்ளைகளுக்கு விடுதிப் பழக்கம் இருக்கிறது. காசு போதாது என்றால் பதிவு மேசை, மண்டப வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். பெரிய சர்வதேச மாநாடுகளிலேயே இந்த வழக்கம் உண்டு. வாடைக்கால மழை தொடங்கினால் நிலாவெளி அறைகள் வெறுமையாகக் கிடக்கும், அப்போது பேரம் பேசுங்கள். கடலில் குளிக்க முடியாதுதான், கதைக்க நேரம் கூடும்.

பஸ்ஸை எங்களிடம் விடுங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, அடுத்த மாநாட்டுக்கு வன்னிப் பிள்ளைகள் போய்வர ஒரு பஸ் பிடிப்பதாகப் பேசியிருக்கிறோம். பங்குபோட விருப்பமானவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளைகளும் எழுதுங்கள், வீட்டில் கதைக்க வேண்டுமென்றால் அதற்கும் வருகிறோம்.