யார் கூட்டிட்டு வந்ததுன்னு மட்டும் சொல்லுங்க சாமி

நான் கேட்டது ஒரே கேள்வி. பாதுகாப்பு ஸ்கேனர் ஆபத்தென்று சிவப்பாகக் காட்டிய அந்தக் குட்டி பேக்கேஜை, அதாவது யாரோ எழுதி வைத்த ரெடிமேட் நிரல் துண்டை, எங்கள் புராஜெக்டுக்குள் கூட்டி வந்தது யார்? நாங்களாகச் சேர்த்தது மொத்தம் 38. அதில் இவன் பெயர் இல்லை. மற்றதெல்லாம் அந்த 38 பேர் தங்களுக்கு வேண்டுமென்று கூட்டி வந்த கூட்டம். அப்புறம் எவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்?

இதே கேள்வியை ஒரு கல்யாண வீட்டில் அம்மாவைப் பெற்ற என் அமுச்சியிடம் கேட்டால், வெற்றிலையைக்கூடத் துப்பாமல், "அவன் காங்கயத்து மாமனோட மச்சினன் பேரன்" என்று முடித்துவிடுவார். எங்கள் ஆபீஸில் அமுச்சி இல்லை. யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்று படம் போடும் டூல் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய டூல்.

"இன்டராக்டிவ் கிராஃப்ங்க, ஒரே பார்வைல எல்லாமே தெரிஞ்சுரும்" என்றார் மேனேஜர். தெரிந்தது. 1,412 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பேக்கேஜ், யாருக்கு யார் வேண்டுமோ அவர்களுக்குள் ஒரு கோடு. புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளுமாம், கோடுகள் ஸ்பிரிங் மாதிரி இழுக்குமாம், எல்லாரும் சமாதானமானதும் படம் நிற்குமாம். எங்கே நின்றது? தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி நாலு நிமிடம் ஆடியது. லேப்டாப் ஃபேன் சோமனூர் விசைத்தறியாக இரைந்தது.

சரி என்று பெயரைத் தட்டித் தேடினேன். ஒன்றுக்கு மூன்றாக மின்னியது. ஒரே பேக்கேஜ், மூன்று வெர்ஷன். நடுவில் இருந்ததன் மேல் மவுஸை வைத்தேன். பெயர் வந்தது, பக்கத்துப் பெயரின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. பெரிதாக்கினேன், ஆள் திரையை விட்டே போய்விட்டான். சிறிதாக்கினேன், கடுகு. கிளிக் செய்தபோது கை ஒரு நூல் அசைந்திருக்கும், அவ்வளவுதான். புள்ளியை நான் இழுத்ததாக நினைத்துக்கொண்டு 1,412 பேரும் மறுபடி ஆட ஆரம்பித்தார்கள்.

இத்தனையும் ஸ்கிரீன் ஷேரில். அந்தப் பக்கம் திருப்பூர் கிளையண்ட். "ஏனுங்க, இதென்னங்க நூல் சிக்கு விழுந்தாப்ல இருக்குது? நாங்கன்னா முனையைத் தேடுவமுங்க." பனியன் கம்பெனிக்காரருக்குப் புரிந்தது டூல் எழுதினவனுக்குப் புரியவில்லை.

யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவரே எடுத்துவிட, அதை நம்பியிருந்த ஊர் உலகத்து பில்ட் (நிரல்களைச் சேர்த்து மென்பொருளாகக் கட்டும் வேலை) எல்லாம் படுத்ததே, மறந்துவிட்டதா என்ன? அதற்காக, வழி கேட்டவனை ஹெலிகாப்டரில் ஏற்றி ஊரையா காட்டுவது?

கிராஃபை மூடிவிட்டு, கட்டளை தட்டும் டெர்மினலில், பேக்கேஜ்களை இறக்கித் தரும் என்பிஎம்மிடம் 'என்பிஎம் எக்ஸ்ப்ளெய்ன்' என்று அடித்துப் பெயரைக் கொடுத்தேன். இரண்டு விநாடி. இவனைக் கேட்டது ஒருத்தன், அவனைக் கேட்டது இன்னொருத்தன், அவனுக்கு மேலே இன்வாய்ஸ் அச்சடிக்க நாங்களே போட்ட பிடிஎஃப் பேக்கேஜ். அமுச்சி மாதிரியே, கீழிருந்து மேலே.

மேனேஜரிடம் காட்டினேன். "சூப்பருங்க! இதையே அந்த கிராஃப்ல வச்சு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்க, கிளையண்டுக்கு அனுப்போணும்."

சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே கீழே பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன்னைப் பிட்டால், உள்ளே இரண்டு செர்ரியும் சர்க்கரையும். தேங்காய் எங்கேங்க என்றால், "தேங்காய் விக்கற வெலைக்கு..." என்கிறார். பொள்ளாச்சி இங்கிருந்து ஒரு மணி நேரங்க!